ஒரே ஆள், இரண்டு கோப்பு

மட்டக்களப்பில் ஒரு அரச அலுவலகத்தின் காணிக் கிளையில் பதினொரு வருசமாகக் கோப்புகளோடு கிடக்கிறேன். போன மாதம் மகளின் பள்ளிக்கூட ஒப்படைக்காகச் சாலிக்கோதேரியம் என்ற அழிந்துபோன விலங்கைப் பற்றித் தேடிக் கொடுக்க உட்கார்ந்தவன், பாதியில் அவளை மறந்துவிட்டு நானே வாசிக்கத் தொடங்கிவிட்டேன்.

குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் சொந்தம், குளம்புள்ள வம்சம். ஆனால் இதன் காலில் குளம்பே இல்லை, வளைந்த பெரிய நகங்கள். முன்கால் நீளம், பின்கால் கட்டை, கொரில்லா மாதிரி விரல்களை மடக்கி ஊன்றி நடந்த சீவன். கொப்பை வளைத்து இலை தின்னத்தான் அந்த நகம் என்கிறார்கள்.

ஜெர்மனியின் எப்பெல்ஸ்ஹைமில் கிடைத்த நக எலும்பைப் பார்த்த பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே, இது ராட்சத அழுங்கு, அதாவது எறும்பு தின்கிற செதில் விலங்கு, என்று எழுதிவிட்டார். அதே ஊரில் கிடைத்த பற்களுக்கு 1833இல் ஜெர்மன் ஆய்வாளர் காவுப் வைத்த பெயர்தான் சாலிக்கோதேரியம். பிரான்சின் சான்சானில் லார்தே என்ற ஆய்வாளர் எடுத்த நகங்களுக்கு மாக்ரோதேரியம் என்று இன்னொரு பெயர். பல்லுக்கு ஒரு கோப்பு, நகத்துக்கு ஒரு கோப்பு! இரண்டும் ஒரே விலங்குதான் என்று ஃபியோல் என்ற இன்னொரு பிரெஞ்சு ஆய்வாளர் காட்டும்போது அந்த நூற்றாண்டே முடியப்போகிறது. நகம் இருந்தால் குளம்பு வம்சமாக இருக்காது என்று முதலே முடிவெடுத்ததுதான் வினை.

எனக்கு மண்டூர்ப் பக்கத்து அந்த ஐயாவின் முகம் ஞாபகம் வந்தது. வயல் காணி அனுமதிப்பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் அதோடு 'பிள்ளை'யும் சேர்ந்திருந்தது. அது பெரிய விசயமில்லை, இங்கே பாதிப் பேருக்கு அப்படித்தான். பழைய கோப்பில் இருந்தது கைநாட்டு, இவரோ என் பேனையை வாங்கி வடிவாகக் கையெழுத்துப் போட்டார். சரி, வேறு ஆள் என்று நானே தீர்மானித்துப் புதுக் கோப்பு திறந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு வருசம் அந்த மனுசன் குருமண்வெளித் துறைக்கு வாவியைக் கடக்கும் பாதைப் படகில் வந்து, பிறகு பஸ் பிடித்து, என் மேசைக்கு முன்னால் நின்றார். கடைசியில் ஒருநாள் பழைய கோப்பு தற்செயலாக மேசையில் விரிந்து கிடந்தது. கைநாட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இதும் நான்தான் மகன். எழுதப் பழகினது என்ட புள்ள படிக்கக்குள்ள, அவளோட இருந்து."

இரண்டையும் ஒரே நாடாவில் கட்டி அனுப்பினேன். மேலே இன்னும் இரண்டு இலக்கம்தான் இருக்கிறது, வெட்ட எனக்கு அதிகாரமில்லை.