தேதி, தொகை, எங்கிருந்து

கடன் வாங்கியவர்களைக் கூப்பிட்டு "எப்போது கட்டுவீர்கள்?" என்று கேட்கும் வேலையில் நான் சேர்ந்தபோது எனக்கே 4 இடங்களில் கடன் இருந்தது. வயது 24. நேர்காணலில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விரும்பிப் போன வேலை இல்லை. படிப்பு முடிந்து ஓராண்டு சும்மா இருந்த பிறகு, கடன் வாங்கி ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு முடிந்தது, சான்றிதழ் வந்தது, வேலை வரவில்லை. தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது. அதைக் கட்ட கிரெடிட் கார்டைத் தேய்த்தேன். கார்டுக்குக் கட்ட மொபைல் ஆப்பில் ஒரு கடன். நடுவில் மூச்சு விட நண்பனிடம் கைமாற்று. இப்படி வரிசையாகச் சொல்லும்போது ஏதோ திட்டம் போட்டுச் செய்தது போல இருக்கிறது. அப்போது ஒவ்வொன்றும் அந்த வாரத்தைத் தாண்டினால் போதும் என்று செய்ததுதான்.

வாழ்க்கையில் என்ன செய்யப் போகிறாய் என்று யாராவது கேட்டால் எரிச்சல் வரும். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்கு அப்பால் எனக்கு வாழ்க்கை என்று ஒன்று தெரியவில்லை.

எங்கள் அழைப்பு மையத் தளத்தில் எண்களை நாங்கள் அழுத்துவதில்லை. டயலர் தானாகவே அழைக்கும். யாராவது எடுத்தால் அவருடைய கணக்கு திரையில் விரியும். எடுக்காவிட்டால் ஒரு குறியீட்டைத் தட்டிவிட்டு அடுத்தவருக்குப் போக வேண்டும். அதிகம் தட்டியது ஆர்.என்.ஆர்., அதாவது மணி அடிக்கிறது, பதில் இல்லை. எடுக்காத எண்ணை டயலர் விடாது. வேறொரு நேரத்தில், வேறொரு ஆளிடம் அதே எண் மறுபடி வந்து நிற்கும்.

சாப்பாட்டு இடைவேளையில் என் சொந்த ஃபோனை எடுத்துப் பார்ப்பேன். தவறிய அழைப்புகள் 6, 7 இருக்கும். அந்தப் பக்கம் இன்னொரு தளத்தில் யாரோ ஒருவர் என் பெயருக்கு எதிரே அதே மூன்று எழுத்தைத் தட்டியிருப்பார். அதற்கு முன்புவரை அந்த அழைப்புகள் என்னைத் துரத்துகிற ஒரு மனிதர் என்று பயந்திருந்தேன். துரத்தவெல்லாம் இல்லை. அவருடைய அன்றைய வரிசையில் நானும் ஓர் எண். அவருக்கு என்மேல் கோபமும் கிடையாது, நினைவும் கிடையாது. இது ஆறுதலா அவமானமா என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியாது, ஆனால் பயம் கொஞ்சம் இறங்கியது.

யாராவது எடுத்துப் பேசிவிட்டால் நாங்கள் வாங்க வேண்டியது ஒரு பிடிபி. பணம் கட்டுவதாகத் தரும் வாக்குறுதிக்குத் தொழிலில் அப்படித்தான் பெயர். சும்மா "கட்டிவிடுகிறேன்" என்றால் அதைப் பதிய முடியாது. திரையில் மூன்று கட்டங்கள். எந்தத் தேதி, எவ்வளவு தொகை, எங்கிருந்து வரும். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் எங்கள் டீம் லீடர் அக்கா திரும்ப அனுப்பிவிடுவார். "தம்பி, எங்கிருந்து வரும்னு தெரியாத காசு வராத காசு" என்பார். அவர் 9 ஆண்டுகள் இதே வேலையில் இருந்தவர். கத்திப் பேசும் ஆட்களைவிட அமைதியாகக் கேட்கும் ஆட்களுக்குத்தான் பணம் வருகிறது என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். எல்லாத் தளத்திலும் இப்படி ஆள் இருப்பதில்லை. மிரட்டுவதையே வேலையாக வைத்திருக்கிற இடங்களிலிருந்து வந்தவர்களும் எங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பழக்கம் மாற நாளாயிற்று.

ஒரு நாளைக்கு 30, 40 பேரிடம் இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் யாராவது கேட்டிருந்தால் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பியிருக்க மாட்டேன்.

மொத்தக் கடன் எவ்வளவு என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு நிறைய உழைத்திருந்தேன் என்பதுதான் உண்மை. குறுஞ்செய்திகளைத் திறக்காமல் அழிப்பது, மின்னஞ்சலில் அவற்றுக்குத் தனி ஃபோல்டர் போட்டு அந்தப் பக்கமே போகாமலிருப்பது. இதைச் சோம்பல் என்று நானே என்னைத் திட்டிக்கொண்ட காலம் உண்டு. பின்னாளில் 2013இல் சயன்ஸ் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் சிந்தனைத் திறன் சோதனைகள் வைத்திருக்கிறார்கள். அதே மனிதர்கள்தான். கையில் காசு இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் மோசமாகவும், காசு வந்த பிறகு நன்றாகவும் செய்திருக்கிறார்கள். பணக் கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் வாதம். என்னைப் பொறுத்தவரை அதில் மறுக்க ஒன்றுமில்லை. அந்த நாட்களில் பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தையே வாரத்துக்கு ஒரு முறை தவறவிடுவேன்.

சரி, அந்த மொத்தத்தை நான் எழுதிப் பார்த்த கதைக்கு வருகிறேன். ஒரு நாள் டயலர் பழுதாகி இரண்டு மணி நேரம் தளமே சும்மா இருந்தது. பிடிபி தாள் ஒன்றை எடுத்து, வாடிக்கையாளர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரை எழுதினேன். முதலில் விளையாட்டாகத்தான். அப்புறம் ஃபோனில் அந்த ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொரு தொகையாக எழுதினேன். என் மாதச் சம்பளத்தை அளவுகோலாக வைத்துச் சொன்னால், பயிற்சிக் கடன் 3 மாதம், கார்டு 3 மாதம், ஆப் கடன் 1 மாதம், நண்பன் 2 மாதம். மொத்தம் 9 மாதச் சம்பளம். நான் மனத்தில் வைத்திருந்த பூதம் இதைவிடப் பெரியது. குறைந்தது 15 மாதம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிம்மதி அரை மணி நேரம் நீடித்தது. பிறகு வட்டியைப் போட்டுப் பார்த்தேன். கார்டில் மாதம் 3 சதவீதம். சின்ன எண்ணாகத்தான் தெரியும். வட்டிக்கு வட்டி சேரும்போது ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. நான் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தது குறைந்தபட்சத் தொகை, நிலுவையில் 5 சதவீதம். புதிதாக ஒரு பொருள்கூட வாங்காமல் இப்படியே கட்டினால் கடன் பாதியாகவே 32 மாதம் ஆகும். நானோ வாங்கிக்கொண்டும் இருந்தேன். பயிற்சிக் கடனில் வேறு கதை. "12 சதவீத வட்டிதான்" என்று சொல்லி வாங்க வைத்திருந்தார்கள். 3 ஆண்டுக்கும் முழு அசலுக்கே வட்டி போடும் ஃபிளாட் கணக்கு அது. மாதாமாதம் குறைகிற அசலுக்கு வட்டி என்ற முறையில் பார்த்தால் கிட்டத்தட்ட 21 சதவீதம். இதே விளக்கத்தை நான் ஃபோனில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் ஒப்பந்தத்தை நான் படித்ததில்லை.

தாளில் முதல் இரண்டு கட்டங்களை நிரப்பிவிட்டேன். மூன்றாவது கட்டத்தில் "சம்பளம்" என்று எழுதியபோதுதான் அந்த அம்மாள் நினைவுக்கு வந்தார். முந்தின வாரம் பேசியவர், மூன்று மாதமாக வாக்குத் தவறுகிறவர் என்று திரையில் குறிப்பு இருந்தது. "தம்பி, நீங்க 5ஆம் தேதி கட்டச் சொல்றீங்க. எனக்குச் சம்பளமே 10ஆம் தேதிதான். நான் எங்க பொய் சொன்னேன்?" என்றார். அவ்வளவுதான் சங்கதி. என் கார்டுக்கும் அதே கோளாறு. சம்பளம் வருவதற்கு 4 நாள் முன்பு கெடு. ஒவ்வொரு மாதமும் அந்த 4 நாளுக்காகத் தாமதக் கட்டணம் கட்டியிருந்தேன்.

மறுநாள் கார்டு நிறுவனத்துக்கு நானே ஃபோன் செய்தேன். எடுத்த பெண் வேலைக்குப் புதிது, கையில் இருப்பதைப் படிக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. தேதி, தொகை, எங்கிருந்து என்று மூன்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு "ஒரு நிமிஷம் சார்" என்று மேலாளரிடம் கொடுத்தார். கெடு தேதியை மாற்றிக் கொடுத்தார்கள். நிலுவையைக் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றிக்கொள்ளும் வழியும் இருந்தது. கார்டை முடக்கிவிடுவதாகச் சொல்லி அதை வாங்கிக்கொண்டேன். முடக்காமல் வாங்கியிருந்தால் இரண்டு கடன் ஆகியிருக்கும், என்னை எனக்குத் தெரியும்.

வேலைக்குள் இருந்து கற்றதில் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நிலுவைக் கணக்குகளை நாங்கள் நாள் கணக்கில் பக்கெட்டுகளாகப் பிரிப்போம். 30 நாள் வரை ஒன்று, 60 வரை ஒன்று, 90 வரை ஒன்று. 90 நாளைத் தாண்டினால் பொதுவாக வங்கிகள் வாராக்கடன் என்ற வரிசையில் வைக்கின்றன. முதல் பக்கெட்டில் இருக்கும்போது கேட்டால் தேதி மாற்றம், தவணை நீட்டிப்பு என்று ஏதாவது கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கடைசியில் கிடைப்பது செட்டில்மென்ட், அதாவது கொஞ்சம் தள்ளுபடி செய்து முடித்துக்கொள்வது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கடன் வரலாற்று அறிக்கையில் அது முழுதாகக் கட்டி முடித்த கணக்காக ஏறாது. அடுத்த முறை கடன் கேட்கும்போது அது கண்ணில் படும். வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஃபோனை எடுக்காமலே அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள்தான் நான் பேசியவர்களில் அதிகம்.

அந்த அம்மாள் சொன்னது என்னை விடவில்லை. உடைந்த வாக்குகளை எல்லாம் ஓர் எக்ஸெல் கோப்பில் போட்டேன். எனக்கு எக்ஸெல் கூட்டல் கழித்தலுக்கு மேல் தெரியாது. இரவில் உட்கார்ந்து காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டேன். கடன் வாங்கிப் படித்த பயிற்சியில் வராத ஆர்வம் இதில் வந்ததை என்ன சொல்வது! என் பட்டியலில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சம்பளம் வருவதற்கு முந்தைய வாரத்தில் கெடு உள்ளவர்கள். அக்காவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துவிட்டு, "இதை ஏன் என்கிட்ட காட்டுற? மேல அனுப்பு" என்றார். அனுப்பினேன். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கெடு தேதி மாற்றக் கோரிக்கைகளை முதல் அழைப்பிலேயே பதியலாம் என்று முடிவானது. என் பெயர் எங்கும் வரவில்லை. ஆனால் 6 மாதம் கழித்து அறிக்கைகள் தயாரிக்கும் பிரிவில் ஓர் இடம் காலியானபோது அக்கா என்னைச் சொல்லியிருக்கிறார்.

இப்போதும் அந்தத் துறையில்தான் இருக்கிறேன், நிறுவனம் மட்டும் வேறு. கட்ட முடியாதவர்களுக்குத் தவணையை மாற்றியமைக்கும் பிரிவு. இதுதான் என் பிறவிப்பயன் என்றெல்லாம் தோன்றவில்லை. காலையில் எழுந்து போகப் பிடித்திருக்கிறது. மாலையில் எதையோ கொஞ்சம் சரிசெய்த உணர்வு சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை.

கடன் அடைய 31 மாதம் ஆயிற்று. ஆப் கடனை முதலில் முடித்தேன். வட்டியும் அதில்தான் அதிகம், தொகையும் சிறியது, அதனால் எந்தக் கடனை முதலில் அடைப்பது என்ற பெரிய விவாதம் எனக்கு வரவில்லை. அடுத்து கார்டு, அப்புறம் பயிற்சிக் கடன். வட்டி இல்லாததால் நண்பனுடையதைக் கடைசியில் வைத்தேன். கணக்குப்படி அது சரி.

கணக்குப்படி மட்டும்தான் சரி. அவன் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. முதல் ஆண்டில் அவன் அழைப்பையும் நான் எடுக்காமல் இருந்திருக்கிறேன், காசு கேட்பானோ என்று. ஒரு முறை அவன் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்த செய்தியைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறான். எனக்கு அது தெரிய 4 மாதம் ஆயிற்று. கடைசித் தொகையை அனுப்பிய அன்று நீளமாக ஒரு செய்தி எழுதி, மன்னிப்பும் கேட்டு அனுப்பினேன். "வந்துருச்சு" என்று பதில் வந்தது. எங்கள் உரையாடலில் இன்னும் அதுதான் கடைசி வரி.