அழகர் ஆற்றில் இறங்கிய அன்று என் மாண்டூ டெஸ்ட்

பயாலஜிக் ஊசி (உடம்பின் எதிர்ப்பு சக்தியில் நோயைத் தூண்டும் பகுதியை அடக்கும் மருந்து) போடப் போகிறவர்கள் ஊசியை நினைத்துப் பயப்படாதீர்கள். அதற்கு முன்னால் வரும் டெஸ்டும் பின்னால் வரும் இன்ஷூரன்ஸ் கிளெய்மும்தான் ஆளை உருக்குலைக்கும்.

எனக்கு சொரியாசிஸ், தோல் செதில் செதிலாக உதிரும் நோய், பதினோரு வருடமாக. இரண்டு வருடத்துக்கு முன் கால்விரல் ஒன்று சாசேஜ் மாதிரி வீங்கி, காலையில் குதிகாலை ஊன்ற முடியாமல் போய், நகத்தில் ஊசியால் குத்தியது போலக் குழி விழுந்த பிறகுதான் தோல் டாக்டர் என்னை மூட்டு டாக்டரிடம் அனுப்பினார். சொரியாடிக் ஆர்த்ரைட்டிஸ், சொரியாசிஸோடு சேர்ந்து வரும் மூட்டு வாதம். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போட்டுப் பார்த்தோம், போதவில்லை. செக்யூகினுமாப் என்ற பயாலஜிக் ஊசிதான் என்று முடிவானது.

ஊசிக்கு முன் டிபி இருக்கிறதா, மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இதில் டிபிக்கான மாண்டூ டெஸ்டைத்தான் நான் கோட்டை விட்டேன். கையில் மருந்தைக் குத்தி 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வீக்கத்தை அளக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை உசிலம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து மதுரையில் ஒரு லேபில் குத்திக்கொண்டேன். ஞாயிறு லேப் கிடையாது. திங்கள் அழகர் ஆற்றில் இறங்குகிறார், மாவட்டத்துக்கே லீவு. குத்திவிட்ட பெண்ணுக்கும் தோன்றவில்லை, மதுரைக்காரன் எனக்கும் தோன்றவில்லை பாருங்கள்! செவ்வாய் காலை கையை நீட்டியதும், "லேட்டாயிருச்சுண்ணே, இதைப் பாத்து எழுதிக் கொடுக்க முடியாது" என்றது அந்தப் பெண். பஸ் காசும் போச்சு, இரண்டு நாள் கூலியும் போச்சு. மாண்டூ என்றால் திங்களோ செவ்வாயோ குத்திக்கொள்ளுங்கள், லீவு வருகிறதா என்று காலண்டரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

டாக்டர் திட்டிவிட்டு இக்ரா என்ற ரத்த டெஸ்ட் எழுதினார். சின்ன வயதில் போட்ட பிசிஜி தடுப்பூசி இதைக் குழப்பாதாம். பாசிட்டிவ் என்று வந்தது. எக்ஸ்ரே சுத்தம், இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. கிருமி உடம்பில் தூங்குகிறது, அவ்வளவுதான், யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியும் வீட்டில் எனக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டார்கள். ஐசோநியாசிட் மாத்திரை ஆறு மாதம். முதல் மாதம் முடிந்த பிறகுதான் ஊசி. மெத்தோட்ரெக்ஸேட்டும் சேர்ந்து ஓடுவதால் லிவர் டெஸ்ட் வேறு.

அப்புறம் இன்ஷூரன்ஸ். முதல் வாரத்திலிருந்து ஐந்து வாரம் தொடர்ந்து ஊசி, ஒவ்வொரு தடவையும் 150 மில்லிகிராம் பேனா (மருந்து அடைத்த ஊசி) இரண்டு, ஆக மொத்தம் பத்து. கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுவது, கேட்டோம். "ஊசிதானே சார், வீட்டுலயே போட்டுக்கலாமே, அட்மிஷன் எதுக்கு?" என்று ஹெல்ப் டெஸ்க்கில் இருந்தவர் கேட்டார், அதே தோரணையில் கம்பெனியும் நிராகரித்தது. மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. டேகேர் அட்மிஷனில் (சேர்ந்த அன்றே வீட்டுக்கு வந்துவிடுவது) போட்டுக்கொண்டு, பிறகு பணம் கேட்டு அனுப்பினேன். அதற்கும் 'வெளிநோயாளி சிகிச்சை' என்று பதில்.

பாலிசிப் புத்தகத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுதாகப் படித்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2019-ல் கொடுத்த நவீன சிகிச்சைப் பட்டியலில் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி இருக்கிறது, அது என் பாலிசியிலும் அச்சாகியிருக்கிறது. என் செக்யூகினுமாப்பும் அந்த வகை மருந்துதான். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தேன். பழைய மாத்திரைகள் ஏன் பலிக்கவில்லை என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கினேன் (பழைய சீட்டு பாதியைத் தூக்கிப் போட்டிருந்தேன், அதற்கும் திட்டு வாங்கினேன்). எல்லாவற்றையும் வைத்து புகார் பிரிவுக்கு எழுதினேன். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போவேன், அதற்குக் கட்டணம் கிடையாது என்று எனக்குத் தெரியும் என்றும் கடைசி வரியில் சேர்த்தேன். இருபத்தாறாம் நாள் பணம் ஏறியது. முழுதும் இல்லை, பெரும்பகுதி. வளையல் திரும்பி வந்தது. பாலிசி எடுக்கும்போதே சொரியாசிஸ் இருக்கிறது என்று எழுதியிருந்தேன், மறைத்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும்.

மருந்து எப்படி? இரண்டாவது மாதத்திலேயே முழங்கையில் செதில் உதிர்வது நின்றது. குதிகால் வலி இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இப்போது மாதம் ஒரு தடவை, வீட்டிலேயே. பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. அம்மா ஒரு தடவை நல்லெண்ணத்தில் ஃப்ரீசரில் வைத்துவிட்டார், அதை அப்படியே தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. அடுத்த ஊசி வியாழக்கிழமை. புதன் காலை ஒன்பதிலிருந்து பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கிறது, நாளைக்கே பேனாவைத் தெர்மகோல் பெட்டியில் வைத்து திருமங்கலத்தில் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் விட்டுவிட்டு வர வேண்டும்.