நான்கு பெட்டி, எட்டுப் பெட்டி

பயிற்சிப் பிரிவு நான் கேட்டு வாங்கிய வேலை அல்ல. அதற்கு முன் உதிரிபாகக் கிடங்கில் எந்தச் சரக்கை எப்போது, எவ்வளவு வரவழைப்பது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வேலைதான் தெரியுமே, சொல்லிக்கொடுப்பதில் என்ன கஷ்டம்?" என்று மாற்றிவிட்டார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த முறை எல்லோருக்கும் பழகியதுதான்: வருடத்துக்கு இரண்டு நாள், ஒரு அறை, நூற்றுச் சொச்சம் ஸ்லைடு, மதியத்துக்கு மேல் கண் சொருகல், கடைசியில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. மறுவாரம் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நினைவிருக்காது. படித்தது எவ்வளவு வேகமாக நழுவிப்போகிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இலேயே எழுதி வைத்துவிட்டார். நாங்கள் அதற்கு வருடாவருடம் நிரூபணம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"கேம், சிமுலேஷன், சோஷியல் மீடியா என்று ஏதாவது புதிதாகச் செய்யுங்கள்" என்று மேலிடம் சொன்னது. மூன்றையும் செய்தேன். முதலில் கையைச் சுட்டுக்கொண்டதிலிருந்து தொடங்குகிறேன்.

எளிதாகக் கிடைத்தது க்விஸ்தான். கைப்பேசியில் தினமும் ஐந்து கேள்வி. சரியான விடைக்குப் பாயின்ட், சீக்கிரம் தட்டினால் கூடுதல் பாயின்ட், நடுநடுவே ஒரு பேட்ஜ், வாரக் கடைசியில் யார் முதலிடம் என்று லீடர்போர்டு. முதல் வாரம் அமர்க்களம். மூன்றாவது வாரம் பட்டியலின் உச்சியில் அதே நான்கு பெயர்கள். கீழே இருந்தவர்கள் செயலியைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள். மேலே இருந்த நால்வரில் ஒருவர் கேள்வியைப் படிக்காமலே தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். எப்படி என்று கேட்டேன். "நீளமான விடைதான் எப்பவும் கரெக்டா இருக்கு சார்" என்றார். உண்மைதான். கேள்விகளை எழுதியவன் நான். சரியான விடையில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று இழுத்து இழுத்து எழுதியிருக்கிறேன். தவறான விடைகளை அரை வரியில் முடித்திருக்கிறேன்.

பட்டியலின் கடைசியில் இருந்தவர் கிடங்கிலேயே மூத்தவர். நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். எனக்கே வேலை கற்றுக்கொடுத்தவர். கண்ணாடியை எடுத்து மாட்டிக் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் அவருக்கு நேரம் தீர்ந்துவிடும். "என்னை எதுக்குத் தம்பி நாலு பேர் பார்க்கத் தொங்கவிட்ட?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. அன்றே லீடர்போர்டை எடுத்துவிட்டேன்.

க்விஸை மட்டும் விடவில்லை. திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதுதான் நாள்பட நிற்கும் என்று ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள். அதனால் மூன்று கேள்வி, நேரக் கட்டுப்பாடு கிடையாது, தவறவிட்ட கேள்வி சில நாள் கழித்துத் திரும்ப வரும் என்று மாற்றினேன். யாரும் அதைப் பற்றிப் பரபரப்பாகப் பேசவில்லை. செய்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது பீர் கேம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1960களில் உருவானது. மேலாண்மை வகுப்புகளில் இன்றுவரை ஆடுகிறார்கள். ஒரு வரிசையில் நான்கு பேர்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. கடைக்காரருக்கு மட்டும்தான் வாடிக்கையாளர் வாரம் எத்தனை பெட்டி கேட்கிறார் என்பது தெரியும். மற்றவர்களுக்குத் தெரிவது தனக்குக் கீழே இருப்பவர் நீட்டும் ஆர்டர் சீட்டு ஒன்றுதான். பேசக் கூடாது. ஆர்டர் போனால் சரக்கு உடனே வந்துவிடாது, வாரக்கணக்கில் தாமதமாகும். கையில் தேங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் வாரத்துக்கு அரை டாலர் செலவு; கொடுக்க முடியாமல் பாக்கி நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர். எல்லோரும் கையில் 12 பெட்டியோடு தொடங்குவார்கள். நாங்கள் பீரை விட்டுவிட்டு வெறுமனே பெட்டி என்று வைத்துக்கொண்டோம். கணினியில் ஆடும் வடிவமும் இருக்கிறது, ஆனால் காகிதச் சீட்டும் பிளாஸ்டிக் வில்லைகளும் வைத்து ஆடியதுதான் எங்களுக்கு ஒத்துவந்தது. மேஜையில் சரக்கு குவிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

எட்டுப் பேர், இரண்டு வரிசை. அண்ணனுக்குச் சீட்டுக் குலுக்கலில் தொழிற்சாலை விழுந்தது. 50 வாரம் ஆடுவோம் என்று சொல்லிவிட்டு 36இல் நிறுத்திவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் கடைசி வாரங்களில் ஆர்டரை நிறுத்திச் சரக்கைக் காலி செய்யும் சாமர்த்தியம் நடக்கும். முதல் சில வாரம் நிம்மதியாகப் போனது. அப்புறம் கடைக்காரரின் புருவம் நெரிந்தது. அவர் எழுதிய சீட்டு கொஞ்சம் பெரிய எண்ணாக மொத்த வியாபாரிக்குப் போனது. அவர் பயந்து இன்னும் கூட்டி எழுதினார். விநியோகஸ்தர் அதற்கும் மேல். அண்ணனிடம் சீட்டு வந்தபோது அதில் நாற்பதுக்கு மேல் இருந்தது. ராப்பகலாக உற்பத்தி செய்வதுபோல் வில்லைகளை அள்ளி அள்ளி வைத்தார். அவர் அனுப்பிய சரக்கு போய்ச் சேரும் நேரத்தில் ஆர்டர் நின்றுவிட்டது. சீட்டில் பூஜ்யம். அடுத்த வாரமும் பூஜ்யம். அதற்கடுத்த வாரமும். வில்லைக் குவியலுக்குப் பின்னால் அவர் முகம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். "அங்க இருக்கிறவனுக்குப் பைத்தியமா?" பேசக் கூடாது என்ற விதி அதோடு போனது.

இங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். ஆட்டத்துக்கே நேரம் சரியாகிவிட்டது. மிச்சமிருந்த பதினைந்து நிமிடத்தில் 'சங்கிலியில் மேலே போகப் போக ஆர்டரின் ஏற்ற இறக்கம் பெருகும், இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர்' என்று ஸ்லைடு போட்டு முடித்தேன். கைதட்டினார்கள். மறுநாள் கடைக்காரராக ஆடியவரும் மொத்த வியாபாரியாக ஆடியவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அவர்கள் அந்த அறையிலிருந்து எடுத்துப்போனது ஒன்றே ஒன்று: தப்பு அடுத்தவன்மேல்.

விளையாட்டுவழிப் பயிற்சியில் பேர்போனவர் சிவசைலம் தியாகராஜன். ஆட்டம் முடிந்த பிறகு நடக்க வேண்டிய பேச்சை அவர் ஆறு கேள்விகளாக வகுத்து வைத்திருக்கிறார்: இப்போது எப்படி இருக்கிறது, என்ன நடந்தது, என்ன தெரிந்துகொண்டாய், இது உன் வேலையில் எதோடு ஒத்துப்போகிறது, வேறு மாதிரி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், அடுத்து என்ன செய்யப்போகிறாய். முதல் கேள்வி எனக்கு அசட்டுத்தனமாகத்தான் பட்டது. கிடங்கு ஆட்களிடம் போய் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்பதா? ஆனால் அதைக் கேட்காமல் விட்டதால்தான் முதல் அணியின் கோபம் அப்படியே வீட்டுக்குப் போனது.

அதே எட்டுப் பேரைத் திரும்பக் கூப்பிட்டேன், ஆடுவதற்கு அல்ல, பேசுவதற்கு மட்டும். முதலில் திட்டித் தீர்த்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு தாள் கொடுத்து, வாடிக்கையாளர் வாரம் எத்தனை பெட்டி கேட்டிருப்பார் என்று வரையச் சொன்னேன். கடைக்காரர்கள் இருவரைத் தவிர எல்லோரும் மலையும் பள்ளமுமாக வரைந்தார்கள். அண்ணன் வரைந்தது தாளின் மேல் விளிம்புவரை போய் அதலபாதாளத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு உண்மையான சீட்டுக் கட்டைப் பிரித்து மேஜையில் வரிசையாக வைத்தேன். நான்கு, நான்கு, நான்கு, நான்கு, எட்டு. அப்புறம் கடைசிவரை எட்டு, எட்டு, எட்டு.

கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. "ஒரே ஒரு தடவைதான் மாறுச்சா?" என்று அண்ணன் கேட்டார். பிறகு, யாரையும் பார்க்காமல், "நானும்தான் வந்துகிட்டிருந்த சரக்கைக் கணக்குல சேர்க்கல" என்றார். ஸ்டெர்மன் என்ற எம்ஐடி பேராசிரியர் 1989இல் வெளியிட்ட ஆய்வில் வந்ததும் இதேதான்: ஏற்கெனவே ஆர்டர் போட்டு வழியில் இருக்கும் சரக்கை ஆட்டக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள், செலவு சராசரியாகச் சிறந்த ஆட்டத்தைவிடச் சுமார் பத்து மடங்கு ஆகிறது. இதை நான் ஸ்லைடில் ஏற்கெனவே போட்டிருந்தேன். அவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அறையில் இருந்த மற்றவர்களுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு எந்த ஆட்டமானாலும் பாதி நேரம் பேச்சுக்கு என்று ஒதுக்கிவிட்டேன். நேரம் போதாது என்று தெரிந்தால் ஆட்டத்தைத்தான் குறைப்பேன்.

சிமுலேஷனை வாடிக்கையாளர் புகார் கேட்பவர்களுக்காகச் செய்தேன். ட்வைன் என்ற இலவச மென்பொருளில் கிளைகிளையாகப் பிரியும் உரையாடல் எழுதலாம், நிரல் எழுதத் தெரியத் தேவையில்லை. என் முதல் வடிவத்தில் ஒவ்வொரு இடத்திலும் மூன்று பதில்கள்: ஒன்று மகான் பேசுவது, ஒன்று முட்டாள் பேசுவது, ஒன்று ரவுடி பேசுவது. எல்லோரும் மகானைத் தேர்ந்தெடுத்து முழு மதிப்பெண் வாங்கினார்கள். ஒருவரும் ஒன்றும் கற்கவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர்களிடமே போய், "எந்த போன் காலை நினைத்தால் வீட்டுக்குப் போன பிறகும் மனசு உறுத்தியது?" என்று கேட்டேன். கிடைத்தது அத்தனையும் நல்ல எண்ணத்தில் செய்த தவறுகள். வாடிக்கையாளர் அழுகிறார் என்று, கிடங்கைக் கேட்காமலே "வியாழக்கிழமை வந்துடும் மேடம்" என்று வாக்குக் கொடுப்பதுபோல. புது வடிவத்தில் அந்தப் பதிலுக்கு உடனே தண்டனை கிடையாது. அவர் நன்றி சொல்வார், நீங்கள் மகிழ்வீர்கள். ஐந்து திரை தள்ளி வெள்ளிக்கிழமை அதே குரல் திரும்ப வரும். இதில் இன்னொன்று: யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எங்கேயும் பதிவாகாது. மேலாளர் பார்ப்பார் என்று தெரிந்தால் யாரும் துணிந்து தப்பு செய்து பார்க்க மாட்டார்கள். தப்பு செய்து பார்க்கத்தானே அதை எழுதினேன்?

இனி வாட்ஸ்அப் குரூப். தொடங்கிய முதல் நாள் வரவேற்பு, இரண்டாம் நாளிலிருந்து பூப்படம் போட்ட குட் மார்னிங். பிறகு ஃபார்வர்டு. இணையக் குழுக்களில் 90 பேர் பார்த்துவிட்டுப் போவார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் சொன்ன கணக்கு எங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அந்த ஒருவர் நானே. சும்மா பார்ப்பவர்களைக் கிண்டி எழுத வைக்கப் பார்த்தது வீண்முயற்சி. அவர்களும் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. நிலைமையை மாற்றியவை இரண்டு. துறைத் தலைவரைக் கெஞ்சிக் குழுவிலிருந்து வெளியேற வைத்தேன். அப்புறம் நான் திட்டமிடலில் இருந்தபோது ஒரு பூஜ்யம் கூடுதலாக அடித்து வரவழைத்த பேரிங் கதையை ஒரு நிமிட வாய்ஸ் நோட்டாகப் போட்டேன். அன்று இரவே மூன்று பேர் தங்கள் கதையைப் போட்டார்கள். தட்டச்சு செய்யத் தயங்கியவர்கள்கூடப் பேசினார்கள். இடையில் ஒருவர் வாடிக்கையாளரின் முகவரி தெரியும்படி ஒரு பில்லைப் படமெடுத்துப் போட்டு, அது பெரிய பிரச்சினையாகி, அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் அரட்டைக் கருவிக்கு எல்லோரும் மாறினோம். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பலன் என்ன என்று மேலிடம் கேட்டது. பயிற்சிகளைப் பதிவு செய்யும் எங்கள் எல்எம்எஸ் மென்பொருள் சொல்வது யார் முடித்தார்கள் என்பதை மட்டும். பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, வேலையில் விளைவு தெரிந்ததா என்று பயிற்சியை மதிப்பிடும் நான்கு படிகளை அமெரிக்கப் பேராசிரியர் கிர்க்பாட்ரிக் 1959இலேயே எழுதிவிட்டார். பெரும்பாலான நிறுவனங்கள் முதல் படியிலேயே குடியிருக்கின்றன. நான் வாரம் எத்தனை அவசர ஆர்டர் போகிறது என்று மட்டும் எண்ணினேன். குறைந்தது. ஆனால் அதே காலத்தில் ஒரு சப்ளையரும் மாறினார், ஆகவே அது முழுக்க ஆட்டத்தால் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை.

நான் திட்டமிடாத ஒன்று நடந்தது. யாராவது பதறிப்போய்ப் பெரிய ஆர்டர் கேட்டுக் குழுவில் எழுதினால், கீழே அண்ணன் ஒரே வார்த்தையில் கேட்பார்: "எட்டுதானே?" ஆட்டத்தை ஆடாத புதியவர்கள்கூட அதைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்டவர் வழியில் வரும் சரக்கைப் பார்த்துவிட்டு எண்ணைக் குறைத்து எழுதுவார். போன மாதம் ஒருமுறை அது நிஜமாகவே எட்டு இல்லை, தேவை ஒரேயடியாக ஏறியிருந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டே ஆர்டரைக் குறைத்தோம், சரக்கு தீர்ந்துபோனது, ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அந்த வார வாய்ஸ் நோட்டு அண்ணனுடையது.