வனக் கணக்கெடுப்பில் டேப் பிடித்த அனுபவம்

அரசின் வனக் கணக்கெடுப்பில் தற்காலிகக் களப்பணியாளராகச் சேர்ந்தேன். மரங்களின் பெயர் தெரியாதே என்றுதான் முதலில் பயம். அதற்குக் குழுவில் ஆள் இருந்தார். எனக்குக் கிடைத்த வேலை டேப் பிடிப்பது. முழி பிதுங்கியதும் அதில்தான்.

காடு முழுவதையும் அளக்க முடியாது, அங்கங்கே சிறு இடங்களை மட்டும் மாதிரியாக அளப்போம். அந்த மாதிரித் திட்டு ஒவ்வொன்றும் 17.84 மீட்டர் ஆரமுள்ள வட்டம். கணக்குப் போட்டால் 1000 சதுர மீட்டர் வரும். இடத்தைக் கணினி குறித்துக் கொடுத்துவிடும். முள்ளோ பாறையோ, அங்கேதான் போக வேண்டும். பக்கத்தில் நல்ல நிழல் இருக்கிறதே என்று ஒவ்வொரு குழுவும் நகர்ந்தால், கடைசியில் நடக்க வசதியான காடு மட்டும்தான் கணக்கில் வரும்.

நடுவில் இரும்பு முளை அடிப்போம், வெளியே தெரியாதபடி. தெரிந்தால் அந்தத் திட்டை மட்டும் யாராவது பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். பிறகு அது மாதிரியாக இருக்காது. அடர்ந்த மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். அதனால் அடுத்த முறை வரும் குழு உலோகங்காட்டிக் கருவியை வைத்துத்தான் முளையைத் தேடும்.

அப்புறம் சரிவு. வரைபடத்தில் பரப்பு என்றால் கிடைமட்டப் பரப்பு. 30 டிகிரி சரிவில் டேப்பைத் தரையோடு 17.84 மீட்டர் மட்டும் இழுத்தால் திட்டின் பரப்பில் ஏறக்குறைய 13 சதவீதம் காணாமல் போகும். சரிவின் நேர்கீழாக 20.6 மீட்டர் இழுக்க வேண்டும். மரத்தின் விட்டத்தை 1.3 மீட்டர் உயரத்தில் எடுப்போம், அதுவும் மேட்டுப் பக்கத் தரையிலிருந்து. பள்ளப் பக்கம் நின்று எடுத்தால் அளவு மாறிவிடும். அந்த விட்டத்தை வைத்துத்தான் மரத்தின் எடையையும் கரிமத்தையும் கணிக்கிறார்கள். சில திட்டுகளை இன்னொரு குழு வந்து எங்கள் எண்களைப் பார்க்காமலேயே மறுபடி அளந்தது. பலருக்கு எரிச்சல், எனக்கு அந்த ஏற்பாடுதான் பிடித்திருந்தது.

நீர்ப்பிடிப்பு எல்லை, அதாவது எந்த இடத்து மழைநீர் எந்த ஓடைக்குப் போகும் என்று பிரிக்கும் கோடு, அதைச் சரிபார்க்கும் வேலையும் கூடவே வந்தது. செயற்கைக்கோள் உயரத் தரவிலிருந்து கணினி எல்லை போட்டுவிடும். ஆனால் ரோடு அதன் கண்ணுக்கு ஒரு கரை. ரோட்டுக்கடியில் தண்ணீர் போகும் குழாய் அதற்குத் தெரியாது. ஒரு இடத்தில் வரைபடப்படி தண்ணீர் ரோட்டோரமாகவே ஓடி ஓர் ஓடையில் சேர வேண்டும். குனிந்து பார்த்தால் பாதி மண் அடைத்த குழாய் வழியாக அது பக்கத்து ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. தடுப்பணைக்கு இடம் குறிப்பதே இந்த எல்லையை நம்பித்தான்.

எனக்கு இருக்கும் ஒரே குறை படிவங்களில். சருகுப் படலம் எத்தனை சென்டிமீட்டர் என்று வனப் படிவத்தில் எழுதுகிறோம். மழை மண்ணில் இறங்குமா, வழிந்தோடுமா என்று பார்க்கிறவர்களுக்கு அது அவசியம் வேண்டும். அவர்களுடைய படிவத்திலோ அதற்குக் கட்டமே இல்லை. கேட்டதற்கு, "அது வேற பிரிவு" என்றார்கள். சரி என்று நீர்ப் படிவத்தின் குறிப்புப் பகுதியில் திட்டு எண்ணையும் சருகின் ஆழத்தையும் கையால் எழுதி வைத்தோம்.