அம்மாவின் மறதியை எடை போடுதல்

நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் தாங்கிய என் அம்மாவுக்குக் கழுத்தும் முதுகும் வலிப்பது எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை. இரண்டு வகை மாத்திரைகளை ஒழுங்காக எடுத்தும் மனச்சோர்வு நீங்காமல், கடந்த மாதம் அவர் சோற்றையும் ஒதுக்கத் தொடங்கியபோதுதான் மனநல வைத்தியர் மின்னதிர்ச்சிச் சிகிச்சையைப் பற்றிப் பேசினார்.

"கரண்டு வைக்கப் போறாங்களா?" என்று மாமா பதறிப்போனார். 1938இல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற இரு இத்தாலிய வைத்தியர்கள் இதைத் தொடங்கிய காலத்தில், மயக்க மருந்து இல்லாமல் உடல் துள்ளி எலும்பு முறிந்ததும் உண்டு. இன்றோ மயக்கமும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பின்னரே மூளைக்கு மின்சாரம் செலுத்தி, சிகிச்சைக்காகவே ஒரு வலிப்பை உண்டாக்குகிறார்கள். அந்த வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். உயிராபத்து மிக அரிது. ஆனாலும் அம்மாவுக்குப் பிரஷர் இருப்பதால், இதயத்தைப் பரிசோதித்த பிறகே நாள் குறிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

என்னைத் தூங்கவிடாதது மறதிதான். வாரத்துக்கு 2 அல்லது 3 வீதம் 6 முதல் 12 தடவைகள் வரை செய்யப்படும் இந்தச் சிகிச்சையின்போது புதிய விஷயங்கள் மனத்தில் தங்காமல் போவது பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்; ஆனால், சிகிச்சைக்கு முந்தைய மாதங்களின் நினைவுகள் சிலருக்குத் திரும்பி வருவதே இல்லை. அம்மாவுக்கு அந்த மாதங்களில்தான் பேத்தி பிறந்தாள். தலையின் ஒரு பக்கம் மட்டும் மின்முனைகளை வைத்தால் மறதி குறையும் என்பதால், முதலில் அப்படியே செய்யும்படி வேண்டியிருக்கிறேன்.

வலிக்காக மட்டும் என்றால் நான் சம்மதித்திருக்க மாட்டேன், ஏனெனில் நாட்பட்ட வலிக்கு இது உதவும் என்பதற்கான ஆதாரம் பலவீனமானது. சோர்வு விலகும்போது வலியும் சற்றுத் தணியலாம், அவ்வளவுதான். குணமானவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, மாத்திரை தொடர்ந்தாலும், ஒரு வருடத்துக்குள் சோர்வு திரும்புகிறது. ஆனால், சாப்பிடாமல் மெலிந்துகொண்டே போகும் ஒருவருக்கு இன்னொரு மாத்திரை பலன் தரும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பதும் ஆபத்துதான்.

சம்மதப் படிவம் சிங்களத்தில் இருந்ததால், அதை வரிவரியாகத் தமிழில் சொல்லி, மறதியைப் பற்றிய பகுதியை இரண்டு முறை விளக்கினேன். அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாப்பா பொறந்தத நான் மறந்துட்டா, நீ ஒக்காந்து சொல்லு" என்றார். பிறகு பேனாவைக் கேட்டார்.