ஹெரால்டு 948: டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் போட்டதும் வயரிங்கில் தட்டுப்பட்டவை

வண்டி பெருங்களத்தூர் தயாரிப்பான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 948 சிசி. பாட்டரியைச் சார்ஜ் செய்ய இருந்தது லூகாஸ் சி40 டைனமோவும், அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஆர்பி106 கட்-அவுட் பெட்டியும். டைனமோவின் உச்சமே 22 ஆம்பியர். ஐடிலில் அதுவும் கிடையாது. ஹெட்லைட், வைப்பர், காயில் மூன்றும் சேர்ந்து 16, 17 ஆம்பியர் இழுக்கும்போது, மழை நாளில் அண்ணா சாலை சிக்னலில் நிற்கும் நேரமெல்லாம் பாட்டரியிலிருந்துதான் போகும். அதனால் டைனமோவுக்குப் பதில், ரெகுலேட்டர் (வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) உள்ளேயே இருக்கும் 36 ஆம்பியர் 17ஏசிஆர் வகை ஆல்டர்னேட்டர்.

புதுப்பேட்டையில் பழைய சரக்காக வாங்குவதானால் கையில் மல்டிமீட்டர் இருக்கட்டும். ரோட்டாருக்கு (உள்ளே சுழலும் சுருளுக்கு) மின்சாரம் தரும் இரண்டு ஸ்லிப் ரிங்குக்கும் இடையே 3 முதல் 5 ஓம் காட்ட வேண்டும். ரிங்குக்கும் ரோட்டார் தண்டுக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. பேரிங் சத்தம், பிரஷ் நீளம் பிறகு. மேலே அடித்த சில்வர் பெயின்ட்டைப் பார்த்து விலை பேச வேண்டாம்.

பாட்டரியைக் கழற்றிய பிறகே வேலை. முதலில் பாட்டரியின் எந்த முனை எர்த்து, அதாவது வண்டி உடலோடு இணைந்தது, என்று பார்க்க வேண்டும். பழைய லூகாஸ் வயரிங்கில் பாசிட்டிவ் எர்த்து சகஜம். அப்படியே ஆல்டர்னேட்டரை மாட்டினால் டயோடுகள் (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகங்கள்) நொடியில் போய்விடும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றும்போது இக்னிஷன் காயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும்: மைனஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கு. பாட்டரியின் பிளஸ் தூண் சற்றுத் தடிமன் என்பதால் கிளாம்புகளும் புதிதாக வேண்டும். அம்மீட்டர் உள்ள ஜீப், அம்பாசடர் வண்டிகளில் அதன் வயர்களையும் மாற்ற வேண்டும். 30 ஆம்பியர் அம்மீட்டர் வழியாக 36 ஆம்பியரை அனுப்பாமல் வோல்ட்மீட்டர் போடுவது நல்லது.

பொருத்துவதில் பெரிய சிக்கல் இல்லை. டைனமோ நீளம், ஆல்டர்னேட்டர் குட்டை. நீள போல்ட்டில் இடைவெளிக்கு ஒரு குழாய்த் துண்டு, புல்லி நேர்கோட்டுக்கு வாஷர்கள். பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கினால் போதும்.

வயரிங்கில் எல்லோரும் செய்யும் வழி இது. கட்-அவுட் பெட்டியில் டி, ஏ, ஏ1 முனைகளில் வரும் தடித்த வயர்களை ஒன்றாகச் சேர்த்தால் அது ஆல்டர்னேட்டரின் பெரிய பிளேடுக்கு (தட்டை முனைக்கு). டி முனையிலேயே இருக்கும் சார்ஜ் லைட்டின் (டாஷ்போர்டு எச்சரிக்கை பல்பின்) மெல்லிய வயரைப் பிரித்து, பெட்டியின் எஃப் முனை வயரோடு இணைத்தால் அது சிறிய பிளேடுக்கு. பெட்டியை அழகுக்காக வைத்துக்கொள்ளலாம். உள்ளே சுருள் எதுவும் சர்க்யூட்டில் இருக்கக் கூடாது, இருந்தால் கருகும்.

இப்படிச் செய்ததும் வண்டி சார்ஜ் ஆகிறது. பகலில் குறை தெரியாது. இருட்டியதும் ஹெட்லைட்டைப் போட்டால் சார்ஜ் லைட் மங்கலாக எரிகிறது. இந்த இடத்தில்தான் பல பட்டறைகளில் "டயோடு போச்சு" என்று ஆல்டர்னேட்டரையே கழற்றுவார்கள். அதற்கு முன் அளக்க வேண்டும்.

சார்ஜ் லைட்டின் ஒரு முனை இக்னிஷன் ஸ்விட்சில், மறுமுனை ஆல்டர்னேட்டரில். இரண்டு பக்கமும் சம வோல்ட் இருந்தால் பல்பு அணையும். மங்கலாக எரிந்தால் எங்கோ வோல்ட் விழுகிறது என்று பொருள். 1500 ஆர்பிஎம், எல்லா லைட்டும் போட்ட நிலையில் ஆல்டர்னேட்டர் முனையில் 14.2, பாட்டரியில் 13.1. நடுவில் 1.1 வோல்ட் காணோம். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வயரின் இரு கோடியில் வைத்துத் துண்டு துண்டாகப் பார்த்தால்: ஆல்டர்னேட்டரிலிருந்து பெட்டி வரை 0.35, பெட்டியில் சேர்த்த இணைப்பில் மட்டும் 0.5, அங்கிருந்து சோலினாய்டு (பாட்டரி வயர் வந்து சேரும் ஸ்டார்ட்டர் ஸ்விட்ச்) வரை 0.25. ஆல்டர்னேட்டர் சரியாகவே இருக்கிறது. பழைய 3 சதுர மி.மீ. வயரும் பச்சை பூத்த லக்குகளும் (வயர் முனை வளையங்களும்) தான் காரணம். கடற்காற்றில் செம்பு இன்சுலேஷனுக்குள்ளேயே கறுத்துவிடும். வெளியே பார்த்தால் வயர் புதுசு போல இருக்கும்.

தீர்வு: ஆல்டர்னேட்டரிலிருந்து சோலினாய்டின் பாட்டரி பக்க போல்ட்டுக்கு நேராக 6 சதுர மி.மீ. ஆட்டோ வயர், 2 மீட்டர். பாட்டரி பக்கக் கோடியில் 50 ஆம்பியர் ஃபியூஸ். ஷார்ட் ஆனால் பாட்டரிதான் வயரை எரிக்கும், அதனால் ஃபியூஸ் அந்தப் பக்கம். 25 ஆம்பியரில் வீழ்ச்சி 0.2 வோல்ட்டுக்குள் வந்துவிட்டது. இக்னிஷன் ஸ்விட்சின் காண்டாக்டையும் சுத்தம் செய்த பிறகே பல்பு முழுதாக அணைந்தது.

எர்த்து பக்கத்தையும் இதே மாதிரி அளக்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுன்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பாட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2 வோல்ட்டைத் தாண்டினால், பிராக்கெட்டின் பெயின்ட்டைச் சுரண்டி, எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் பட்டை வயர் போட வேண்டும்.

சார்ஜ் லைட்டில் எல்இடி போடுவது இன்னொரு வம்பு. ரோட்டாருக்கு முதல் மின்சாரம் அந்த 2.2 வாட் பல்பு வழியாகத்தான் போகிறது, சுமார் 180 மில்லி ஆம்பியர். எல்இடி அதில் பத்தில் ஒரு பங்குகூட விடுவது சந்தேகம். ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் சார்ஜ் தொடங்கும். எல்இடிதான் வேண்டுமென்றால் இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர். சாவி போட்டும் லைட்டே எரியவில்லையென்றால் சிறிய பிளேடு வயரைக் கழற்றி எர்த்தில் தொட வேண்டும்: எரிந்தால் பிரஷ் அல்லது ரோட்டார், எரியாவிட்டால் பல்பு அல்லது வயர்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் ஓடலாம். ஆல்டர்னேட்டர் மின்சாரம் பல்பு வழியாகத் திரும்பி வருகிறது. அந்த வயரில் 1என்4007 டயோடு, கோடு போட்ட பக்கம் ஆல்டர்னேட்டரை நோக்கி. ஆனால் இதைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலிலேயே போட்டால் மங்கல் வெளிச்சமும் மறைந்துவிடும், வோல்ட் வீழ்ச்சி அப்படியே இருக்கும்.

இப்போதைய அளவுகள்: காலையில் குளிர்ந்த எஞ்சினில் 14.3, வெயிலில் பானட் சூடான பிறகு 13.8. சூட்டில் ரெகுலேட்டர் தானே குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில் 13.8 பார்த்துப் பதற வேண்டாம். 15 தாண்டினால்தான் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்தால் பாட்டரியில் 0.5 வோல்ட்டுக்குக் கீழ், ஆகவே டயோடுகள் நலம். ஓடும்போது பாட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கத்தை டைனமோவோடு விட்டுவிட வேண்டும். ஆல்டர்னேட்டரில் வோல்ட் எகிறி ரெகுலேட்டர் போய்விடும்.

பாக்கி வேலை: ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே.