ஓடுபாதைக்கு முன்னால் ஒரு மலைப்பாதை

குன்னூரில் எங்கள் குடும்பம் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறது. அப்பா ஆரம்பித்த தொழில். இப்போது வண்டியைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். போன், பேப்பர், பணம் எல்லாம் என் பொறுப்பு. எங்களிடம் விமானம் கிடையாது. ஆனால் இன்றைக்கு எங்கள் பிழைப்பில் பெரும்பகுதி விமானத்தை நம்பித்தான் இருக்கிறது. நீலகிரியில் படுத்திருக்கும் ஒருவர் டெல்லிக்கோ மும்பைக்கோ பறக்க வேண்டுமென்றால், முதலில் அவரைக் கோவை விமான நிலையம் வரைக்கும் பத்திரமாகக் கீழே இறக்கியாக வேண்டும்.

அப்பா ஆரம்பித்தபோது ஓம்னி வேன், ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு சிலிண்டர், அவ்வளவுதான் ஆம்புலன்ஸ். 2008-ல் 108 வந்தது. இலவசமாக வண்டி வாசலுக்கே வரும்போது தனியாரை யார் கூப்பிடுவார்கள்? விட்டுவிடலாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னோம். அப்பா மட்டும், "சுற்றுலா வந்த இடத்தில் மாரடைப்பு வந்தவர்கள் சொந்த ஊருக்கு எப்படிப் போவார்கள்? பிள்ளைகளை வெளியூரில் விட்டுவிட்டு இங்கே தனியாக இருக்கிற பெரியவர்களை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களை விமானத்தின் பக்கம் கொண்டுபோனது.

இந்த வேலையில் நான் கற்றதிலேயே முக்கியமானது உயரம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 7350 அடி. ஜெட் விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம், 8000 அடி உயர மலையில் இருப்பதைவிடக் குறையாமல் வைத்திருப்பார்கள். அதாவது விமானத்துக்குள் இருப்பதும் ஊட்டியில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எங்கள் நோயாளி அந்த உயரத்திலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, கோவையில் மறுபடி அதே உயரத்துக்கு ஏறுகிறார். சமவெளி ஆஸ்பத்திரியிலிருந்து பறப்பவருக்கு ஒரு மாற்றம், எங்களவருக்கு இரண்டு.

வெண்டிலேட்டரில் இருப்பவரின் மூச்சுக்குழாயில் ஒரு ட்யூப் போட்டிருப்பார்கள். அதன் நுனிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பலூன் உண்டு. அது இறுகினால் சதை புண்ணாகும், தளர்ந்தால் காற்று கசியும். அதற்குள் இருக்கும் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் இருக்க வேண்டும். கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடும்; ஊட்டியில் சரியாக நிரப்பிய காற்று மேட்டுப்பாளையம் வருவதற்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். விமானம் ஏறியதும் கால் பங்குக்கு மேல் விரியும். அதனால் எங்கள் நர்ஸ் பர்லியாரில் ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்லி அழுத்தமானியைச் செருகிப் பார்ப்பார், கல்லாறு தாண்டியதும் ஒருமுறை, விமானக் குழுவிடம் ஒப்படைக்கும்போது ஒருமுறை. நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிந்திருப்பவர் என்றால், அதை வெளியேற்ற குழாய் போடாமல் பறக்கவே கூடாது. இதை நாங்கள் டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுவோம்.

இன்னொன்று தலை. ஸ்ட்ரெச்சரை வண்டிக்குள் ஏற்றும்போது தலை முன்பக்கம் இருக்கும். மலை இறங்கும்போது வண்டியின் மூக்கு கீழே சாயும். நோயாளியின் கால் மேலே, தலை கீழே. மூளையில் அடிபட்டவருக்கு அது ஆகவே ஆகாது. அதனால் தலைப்பக்கத்தை வழக்கத்தைவிடக் கூடுதலாக உயர்த்திக் கட்டுவோம். தம்பி செகண்ட் கியரை விடமாட்டான். கொண்டை ஊசி வளைவுகளில் சைரனையும் போடமாட்டான். சைரன் கேட்டால் மலை பழகாத டிரைவர்கள் பதறிப்போய் வளைவிலேயே பிரேக் அடித்து நின்றுவிடுகிறார்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்பது மலை வழக்கம். ஆனாலும் எங்கள் வண்டியை அடையாளம் தெரிந்த அரசு பஸ் டிரைவர்கள் ஓரங்கட்டி நின்று கையைக் காட்டுவார்கள். அவர்களுக்கு நான் எவ்வளவோ கடன்பட்டிருக்கிறேன்.

ஆக்சிஜன் கணக்கும் மலையில் வேறுதான். பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம் வரும். ஊட்டியிலிருந்து விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் என்றால் இரண்டு சிலிண்டர் போதும் என்று தோன்றும். அப்பா மூன்றாவது இல்லாமல் வண்டியை எடுக்கவிட மாட்டார். நவம்பர் மழையில் மரப்பாலம் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டிவரும், எத்தனை மணி நேரம் என்று யாரும் சொல்ல முடியாது.

"ஊட்டி தீட்டுக்கல்லில் ஹெலிபேட் இருக்கிறதே, ஹெலிகாப்டரிலேயே போய்விடலாமே" என்று கேட்காத குடும்பமே இல்லை. கேட்பது நியாயம்தான். ஆனால் இந்த உயரத்தில் காற்று மெலிது, ஹெலிகாப்டர் தூக்கும் எடை குறையும். மேகம் எப்போது இறங்கும் என்று தெரியாது. 2021 டிசம்பர் 8-ஆம் தேதி காட்டேரி பக்கத்தில் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போய் விழுந்ததை இந்த ஊர் மறக்காது. அதில் உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங்கை மறுநாள் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையிலிருந்து சூலூர் விமானப்படைத் தளம் வரை சாலை வழியாகத்தான் கொண்டுபோனார்கள், அங்கிருந்து விமானத்தில் பெங்களூருக்கு. ராணுவத்துக்கே அன்று அதுதான் வழியாக இருந்தது. அவர் பிழைக்கவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

தொழில் மாறிய வேகம் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. முன்பெல்லாம் ஏர் ஆம்புலன்ஸ் என்றால் நாலைந்து பேரைத்தான் கூப்பிட முடியும். இப்போது போனில் தேடினால் வரிசையாக வருகிறார்கள். பாதிப்பேருக்கு விமானமே கிடையாது, நடுவில் நின்று கமிஷன் எடுப்பவர்கள். ஒரு ஏஜென்ட் முழு அட்வான்ஸையும் வாங்கிக்கொண்டார். நாங்கள் நோயாளியோடு விமான நிலையம் போய்ச் சேர்ந்த பிறகு, விமானம் வேறு ஊரிலிருந்து இன்னும் கிளம்பவில்லை என்றார். அந்த அம்மாவை எங்கள் வண்டியிலேயே கோவையில் ஓர் ஐசியுவுக்குக் கொண்டுபோனோம். அதன் பிறகு ஒரு விதி வைத்தேன். விமானத்தின் பதிவு எண்ணையும் இயக்கும் நிறுவனத்துக்கு டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு) கொடுத்த பர்மிட்டையும் பார்க்காமல் ஊட்டியிலிருந்து ஸ்ட்ரெச்சர் நகராது.

பறக்கத் தேவையே இல்லாதவர்களும் வருகிறார்கள். "மேடம், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, ஃப்ளைட்லயே அனுப்பிடுங்க" என்பார்கள். நாலு மணி நேர சாலைப் பயணத்தில் கிடைக்கும் சிகிச்சைக்குப் பல லட்சம் ஏன்? நோயாளியின் நிலைமை கொஞ்சம் தேறியிருந்தால், சில விமான நிறுவனங்கள் சாதாரண விமானத்திலேயே இருக்கைகளுக்கு மேல் ஸ்ட்ரெச்சர் போட்டுத் தருகின்றன. டாக்டரின் சான்றும் சில நாள் அவகாசமும் வேண்டும், செலவு எவ்வளவோ குறைவு. இதை எடுத்துச் சொல்வதால் எங்கள் பில் சின்னதாகிறது. ஆனால் அந்தக் குடும்பம் இன்னொரு குடும்பத்தை எங்களிடம் அனுப்புகிறது. இணையத்தில் விளம்பரம் கொடுத்து இதை வாங்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தார்கள். முன்பு கீழே இறங்கியே ஆக வேண்டியிருந்த பலர் இப்போது இங்கேயே தேறுகிறார்கள். "நமக்கு ட்ரிப் குறையும் பாப்பா, குறையட்டும்" என்றார் அப்பா. அதே ஆண்டு பிப்ரவரியில், சென்னை ஐஐடியில் உருவான இபிளேன் நிறுவனம் 788 மின்சார ஏர் ஆம்புலன்ஸ்கள் கொடுக்க, ஏர் ஆம்புலன்ஸ் நடத்தும் ஐகாட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. ரிஷிகேஷ் எய்ம்ஸில் 2024 அக்டோபரில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தொடங்கினார்கள்; 2025 மே மாதம் அது கேதார்நாத்தில் இறங்கும்போது சேதமடைந்தது, உள்ளே இருந்தவர்கள் தப்பித்தார்கள். இவையெல்லாம் மலைக்கும் வரத்தான் வேண்டும், நான் வரவேற்கிறேன். வரும்போது மேகம் எத்தனை மணிக்கு எந்தப் பள்ளத்தில் ஏறும் என்று சொல்ல இங்கே ஆள் வேண்டும், நோயாளியைத் தயார்படுத்தித் தர ஆள் வேண்டும்.

அதனால் இரண்டாவது வண்டி வாங்க வைத்திருந்த பணத்தில், எடுத்துச் செல்லக்கூடிய நல்ல வெண்டிலேட்டர் ஒன்று வாங்குகிறோம். மிச்சத்தில் எங்கள் நர்ஸை விமான மருத்துவப் பயிற்சிக்கு அனுப்புகிறோம். புது வண்டி இல்லையே என்று தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அப்பா இன்னும் மூன்றாவது சிலிண்டரை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறக்கிறார்.